ஒரு யாமத்து நகரம்

நூலுக்கு அட்டை வாயில். வாயிலில் எதனைத் தீட்டி வைப்பது என்பது வீட்டுக்காரன் விருப்பம் என்று விட்டுவிடலாம். ஆயின், ஒரு நாட்டின் பதிப்பகங்கள் பலவும் முப்பது ஆண்டுக் காலம், கோடிக்கணக்கான படிகளில், ஒரே வகையான வாயிலைத் தீட்டித் தெருவெங்கும் தொங்கவிட்டால், அதனைத் தனியொருவர் விருப்பம் என்று தள்ளிவிட இயலாது. அவ்வாயில் வழியாகவே மக்கள் தம் ஊரைப் பார்க்கத் தொடங்கிவிடுகின்றனர். அமெரிக்க நாட்டில் 1940களிலிருந்து 1960களின் இறுதிவரை வெளிவந்த மலிவுவிலைத் தாளட்டை நூல்கள் அந்நாட்டு நகரங்களுக்குச் செய்தது இதுவே. அதன் தொடர்ச்சி தமிழ்நாட்டின் திங்கட் புதினங்கள் வரை வந்து சேர்ந்திருத்தலின், அவ்வரலாற்றைத் தமிழர் அறிந்திருத்தல் தேவையாகின்றது.

அவ்வட்டைகளை இன்று பழம்பொருள் தேடுவோர் விலைகொடுத்து வாங்கிச் சட்டமிட்டு மாட்டுகின்றனர். 2004இல் தொடங்கப்பெற்ற 'ஆர்டு கேசு கிரைம்' என்னும் அமெரிக்கப் பதிப்பகம், பழைய பாணி ஓவியங்களைப் புதிதாகத் தீட்டுவித்தே தன் நூல்களை விற்கின்றது. சென்னையில் பிளாஃப்ட் பதிப்பகம் 2008இல் தமிழ்த் திங்கட் புதினக் கதைகளை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தொகுத்தபோது, பழைய அட்டைப் படங்களையும் உடன் சேர்த்தது. ஆங்கிலம் படித்த நகரத்தார் அவற்றைக் கண்டு நகைத்து மகிழ்ந்தனர். நகைத்தவர்க்கு அவை வேடிக்கைப் பொருள். அப்படங்களில் இழித்துக் காட்டப்பெற்ற தெருக்களில் குடியிருந்தவர்க்கு அவை வேடிக்கையாய் இருந்தில.

தாளட்டை நூல் தொடக்கத்தில் இத்தகையதாய் இல்லை. 1935இல் இலண்டனில் ஆலன் இலேன் என்பார் பெங்குவின் நூல்களைத் தொடங்கினார். விலை ஆறு பென்சு. அட்டையில் படமே கிடையாது. புதினமாயின் செம்மஞ்சட் பட்டை, துப்பறியும் கதையாயின் பச்சைப் பட்டை, நடுவில் நூற்பெயரும் ஆசிரியர் பெயரும். அவ்வளவே. கற்றவன் கையில் வெட்கமின்றி எடுத்துச் செல்லத்தக்க நூல் அது. நான்காண்டு கழித்து, 1939இல், நியூயார்க்கில் இராபர்ட்டு தெ கிராஃபு என்பார் பாக்கெட் புக்சு என்னும் பதிப்பகத்தைத் தொடங்கி, 25 சென்ட்டு விலையில் நூல்களை வெளியிட்டார். இவர் தொடக்கத்திலேயே அட்டையில் படம் இட்டார்.

வேறுபாட்டிற்குக் கரணியம் எளிது. அமெரிக்க நாட்டில் அக்காலத்தே பொத்தகக் கடைகள் மிகச் சில. அவையும் பெருநகரங்களில் மட்டுமே. எனவே தாளட்டை நூல்கள் கிழமையிதழ்களைக் கொண்டுசெல்லும் முகவர் வழியாகவே ஊர்தோறும் சென்றன. மருந்துக்கடை, சுருட்டுக்கடை, தொடர்வண்டி நிலையம், பேருந்து நிலையம் ஆகிய இடங்களில் கம்பிச் சுழல்தட்டில் நின்றன. அங்கு வருவோன் நூல் வாங்க வருவதில்லை. வேறொன்றுக்காக வந்து, வண்டிக்குக் காத்திருக்கும் நேரத்தில் கண்ணோட்டம் விடுகின்றான். அச்சிறு நேரத்தில் அவன் கண்ணைப் பிடித்து நிறுத்தவேண்டிய வேலை அட்டையின் தலையில் விழுந்தது. போர்க்காலத்தில், 1943க்கும் 1947க்கும் இடையில், படைவீரர்க்கென்றே ஏறத்தாழ 12 கோடிப் படிகள் விலையின்றி வழங்கப்பெற்றன. போர் முடிந்து வீடு திரும்பிய ஆண்மக்கள் தாளட்டை நூற் பழக்கத்தோடு திரும்பினர். அவர்களைப் பிடிக்கப் பதிப்பகங்கள் ஒன்றையொன்று முந்தின. ஒரு நூல் இரண்டு மூன்று நூறாயிரம் படிகள் விற்றால்தான் பிழைப்பு என்ற நிலையில், எதனைத் தீட்டினால் கை நீளும் என்பது ஒன்றே கேள்வியாயிற்று.

முதற்கண் வந்தவர் மரக்கூழ்த் தாள் இதழ்களில் வரைந்து பழகிய ஓவியர். பாப்புலர் லைப்ரரி என்னும் பதிப்பகத்தை நடத்தியவரே அத்தகைய இதழ்களையும் நடத்தியவராதலின், தம் ஓவியரையே நூலட்டைக்கும் திருப்பிவிட்டார். உருடால்ஃபு பெலார்சுகி என்பார் 1948இல் வரைந்த ஓர் அட்டையில், கிரேக்கக் கதைத் தலைவியாகிய எலன், மெல்லாடை ஒட்டிய மார்போடு நிற்கின்றாள். நூலோ நகைச்சுவையோடு கூடிய குடும்ப உரையாடல். வாங்கியவன் ஏமாந்தான், பதிப்பகத்தான் ஏமாறவில்லை.

இலண்டனில் இருந்த இலேனுக்கு இவ்வட்டைகள் அருவருப்பை ஊட்டின. தம் அமெரிக்கக் கிளை இவ்வழியிற் செல்வதை அவர் விரும்பவில்லை. முடிவில் அக்கிளையை நடத்தியோர் பிரிந்து, 1948இல் சிக்னெட்டு என்னும் பெயரோடு தனியே நின்றனர். அந்தச் சிக்னெட்டு நூல்களில்தான் நகரத்தைத் தீட்டுவதிற் பேராற்றல் படைத்த ஓர் ஓவியர் தோன்றினார்.

அவர் சேம்சு அவாட்டி (1912–2005). பிரின்சுட்டன் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை பயின்றவர். சுவரும் படிக்கட்டும் சாளரமும் எவ்வாறு நிற்கின்றன என்பதை அறிந்த கை அது. நியூசெர்சியில் இரெட்டு பேங்கு என்னும் சிற்றூரில் பணிமனை வைத்து, தம் ஊரில் கண்ட பொதுமக்களையே நிறுத்தி வரைந்தார். அதனால் அவர் படத்தில் நிற்பவர் திரைநடிகர் போல் இரார். உழைத்துக் களைத்த தோள், இரவல் சட்டை, பொருந்தாத காலணி, எதிரே நிற்பவனை நோக்காது தாழ்ந்த கண். இவற்றை அவர் தீட்டிய வகையில் ஏழை மாந்தன்மேல் அவர்க்கிருந்த பரிவு வெளிப்படை. சுண்ணம் உதிர்ந்த சுவர் அவர் படத்தில் வெறும் பின்னணியாக அமையவில்லை. அதுவும் ஓர் உறுப்பினராய் நின்று வறுமையைச் சொல்லிற்று. மற்ற பதிப்பகங்கள் அவரைப் பார்த்துப் பழுப்பு நிறத்துக்கு மாறின. கைத்திறனை மட்டும் வைத்து எடையிட்டால் அவரைக் குறைகூற இடமில்லை.

குறை அவர்க்கு இடப்பெற்ற ஏவலில் இருந்தது. எந்நூலாயினும் இரவே தீட்டவேண்டும். எத்தெருவாயினும் இடுக்காய் இருக்கவேண்டும். அறையாயின் இரும்புக் கட்டில், பெண்ணாயின் தோளினின்று நழுவிய உள்ளாடை வார், ஆணாயின் நிழல் விழுந்த தொப்பி. சிக்காகோவைப் பற்றிய கதையாயினும், நியூயார்க்கைப் பற்றியதாயினும், இலாசு ஏஞ்சலசைப் பற்றியதாயினும் வாயில் ஒன்றே. மூன்றும் மூன்று ஊர்கள். ஒன்றில் இறைச்சிக்கூடமும் ஏரிக்காற்றும், ஒன்றில் துறைமுகமும் தையலகமும், ஒன்றில் ஆரஞ்சுத் தோட்டமும் எண்ணெய்க் கிணறும். அட்டைக்கு அவை வேண்டியதில்லை. அதற்கு வேண்டியது ஒரு விளக்குக் கம்பம்.

இதனால் நூலுக்கே நேர்ந்த கேட்டிற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். சாலிங்கர் 1951இல் வெளியிட்ட 'தி கேட்சர் இன் தி ரை' என்னும் புதினத்தைச் சிக்னெட்டு 1953இல் தாளட்டை நூலாக்கியது. அட்டையை வரைந்தவர் அவாட்டி. செந்நிறத் தொப்பியணிந்த சிறுவன் பெட்டியுடன் நியூயார்க்குத் தெருவில், ஆடல்மனை விளம்பரங்களின் அருகே நிற்கின்றான். புதினத்தைப் படித்தவர் அறிவர்: அச்சிறுவன் பள்ளியை விட்டு வெளியேறி அந்நகரில் அலைந்த நாள்களில் அவன் உள்ளத்தை அரித்த கேள்விகளுள் ஒன்று, பூங்காவின் குளம் உறைந்துபோனால் அங்குள்ள வாத்துகள் எங்குப் போகும் என்பது. அவன் சிறுவயதிற் சென்ற அருங்காட்சியகம், அவன் தங்கை, அவள் ஏறிச் சுற்றும் மரக்குதிரை, இவையும் நியூயார்க்கு நகரமே. அட்டையில் இவற்றுள் ஒன்றும் இல்லை. சாலிங்கர்க்கு அப்படம் சிறிதும் பிடிக்கவில்லை. பின்னர் நூல் பேண்ட்டம் பதிப்பகத்திற்கு மாறி 1964இல் வெளிவந்தபோது, அட்டையில் படமே இல்லாது வெறும் எழுத்து மட்டும் நின்றது. தம் நகரத்தைப் பிறர் தூரிகையிடம் ஒப்படைக்க மறுத்த எழுத்தாளர் என்று அவரைச் சொல்லலாம். எல்லா எழுத்தாளர்க்கும் அவ்வலிமை வாய்ப்பதில்லை.

டெல் என்னும் பதிப்பகம் மட்டும் ஒரு புதுமை செய்தது. 1943 முதல் 1950களின் தொடக்கம் வரை அதன் துப்பறியும் நூல்களின் பின்னட்டையில், கதை நிகழும் இடத்தின் வரைபடம் அச்சாயிற்று. ஒரு வீட்டின் அறைகள், ஒரு தெருவின் வளைவு, சில நூல்களில் ஒரு நகரமே பறவைப் பார்வையில். முன்னட்டையில் மண்டையோடும் குருதியும். பின்னட்டையில் எந்தத் தெரு எங்குப் போகின்றது என்ற நேர்மையான கணக்கு. நகரம் என்பது மக்கள் நடந்து செல்லும் வழிகளின் கூட்டு என்பதை ஒப்புக்கொண்ட ஒரே பக்கம் அப்பின்பக்கந்தான். அச்சுச் செலவு கருதியோ, விளம்பர வாசகத்திற்கு இடம் வேண்டியோ, அதனையும் பின்னர் நிறுத்திவிட்டனர்.

அரசினர் விழித்தனரா எனின், விழித்தனர். வேறொரு பக்கம் நோக்கி விழித்தனர். 1952இல் அமெரிக்கப் பேராளர் அவை, ஆர்க்கன்சா மாநிலத்தைச் சார்ந்த கேத்திங்சு என்பார் தலைமையில் ஒரு குழுவை அமர்த்தி, தாளட்டை நூல்களும் படக்கதைகளும் இளைஞரைக் கெடுக்கின்றனவா என்று உசாவியது. கோல்டு மெடல் பதிப்பகம் 1950இல் வெளியிட்ட ஒரு நூல், பெண்கள் படைவீட்டைப் பற்றியது, குழுவின் சினத்திற்கு முதன்மையாக ஆளாயிற்று. சட்டம் ஒன்றும் வரவில்லை. பதிப்பகங்கள் அஞ்சி ஆடையைச் சற்று நீட்டின. குழு ஆடையின் நீளத்தை அளந்தது. அவ்வாடையின் பின்னால் நின்ற தெருவை, அத்தெருவில் வாழ்வோர்மேல் விழுந்த பழியை, ஒருவரும் அளக்கவில்லை.

ஆடை மீண்டும் குறைய நெடுங்காலம் ஆகவில்லை. 1960களில் இராபர்ட்டு மெக்கின்னிசு (1926–2025) முன்னணிக்கு வந்தார். ஆயிரத்து இருநூறுக்கு மேற்பட்ட அட்டைகள் அவர் வரைந்தவை. நெடிதுயர்ந்த, பொருட்படுத்தாப் பார்வை கொண்ட பெண் அவர் முத்திரை. அவர்தம் அட்டைகள் பலவற்றில் பின்னணி வெறும் வெண்மையாய் விடப்பெற்றது. அவாட்டியின் சுவராவது இருந்தது; இப்போது சுவரும் போயிற்று. நகரம் முற்றாக மறைந்து, அதன் தீமை மட்டும் ஒரு பெண்ணுடலாய் எஞ்சியது. நகரை இழிக்கத் தொடங்கிய கலை பெண்ணை இழிப்பதில் வந்து முடிந்தது இயல்பே.

இனி இவ்வட்டைகள் விற்ற காலத்தை நோக்கவேண்டும். 1947இல் நியூயார்க்குக்கு வெளியே இலெவிட்டவுன் என்னும் புறநகர்க் குடியிருப்புத் தொடங்கிற்று. ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி வீடுகள்; கறுப்பின மக்களுக்கு விற்பதில்லை என்பது விதி. வெள்ளையர் குடும்பங்கள் நகரை விட்டு வெளியேறின. 1949இல் வீட்டுவசதிச் சட்டம் வந்தது. சேரி என்று முத்திரையிடப்பட்ட பகுதிகளை இடித்துத் தள்ள நடுவணரசே பணம் கொடுத்தது. இடிக்கப்பட்ட தெருக்களிலிருந்து துரத்தப்பட்டோரில் கறுப்பின மக்கள் தம் மக்கள்தொகை விழுக்காட்டிற்கு மிக மேலாக இருந்தனர். அட்டைப்படம் ஒரு வீட்டையும் இடிக்கவில்லை என்பது உண்மை. ஆயின், பொறியாளன் வரைபடத்தில் ஒரு தெருவைச் சிவப்புக் கோட்டால் அடித்தபோது, புறநகரில் இருந்தவன் ஏன் என்று கேட்கவில்லை. அத்தெருவை அவன் 25 சென்ட்டுக்கு வாங்கி ஏற்கெனவே பார்த்திருந்தான்.

இப்பழக்கம் கற்றோர் அறிவையும் எவ்வளவு மறைக்கும் என்பதற்குச் சேன் சேக்கப்சு என்னும் அம்மையார் 1961இல் எழுதிய அமெரிக்கப் பெருநகரங்கள் பற்றிய நூலில் ஒரு செய்தி உள்ளது. பாசுட்டன் நகரின் வடமுனைப் பகுதியைக் கண்டு அவர் வியந்தார். கடைகளும் குழந்தைகளும் பேச்சொலியும் நிறைந்த தெருக்கள். அந்நகரத் திட்டமிடுவோர் ஒருவரை உசாவினார். அது நகரின் மிக இழிந்த சேரி என்று அவர் விடை சொன்னார். கணக்கேடுகளைப் பார்க்கச் சொன்னபோது, இளங்குற்றமும் நோயும் குழந்தை இறப்பும் அந்நகரிலேயே மிகக் குறைந்த பகுதிகளுள் அது ஒன்று என்று அவரே படித்துக் கூறினார். தமக்கும் அங்கு நடந்து செல்வது பிடிக்கும் என்றார். ஆயினும் அது சேரியே, இடிக்கவேண்டியதே என்ற முடிவில் மாற்றமில்லை. கண்ணால் கண்டதும் கணக்கால் அறிந்ததும் தோற்று, உள்ளத்தில் முன்பே அச்சாகியிருந்த படம் வென்றது.

அந்த அம்மையார் அதே நூலில், தாம் குடியிருந்த நியூயார்க்கின் அட்சன் தெருவை விடியல் முதல் நள்ளிரவு கடந்தும் பகுதி பகுதியாக விரித்துரைக்கின்றார். குப்பைத் தொட்டியை வெளியே வைப்பது, கடைக்காரன் கதவைத் திறப்பது, பள்ளிப் பிள்ளைகள், நண்பகற் கூட்டம், மாலை விளையாட்டு, இரவில் குடிமனையிலிருந்து திரும்புவோர். அவர் தெருவிலும் குடிமனை உண்டு, இரவு உண்டு. ஆனால் பகலும் உண்டு. அவ்வாண்டே அப்பகுதியையும் இடிக்கத் திட்டமிட்டனர். தெருமக்கள் எதிர்த்து நின்று 1962இல் அதனை முறியடித்தனர்.

தமிழ்ப் புலமையுடையார்க்கு இம்முறை புதிதன்று. நகரத்தை விடியலிலிருந்து விடியல் வரை பாடும் நெறியைக் கழகக் காலத்திலேயே மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் முடித்துக் காட்டிவிட்டார். 782 அடிகள். நாளங்காடியும் அல்லங்காடியும், கொடிகளும், பண்டம் விற்போரும், அறங்கூறு அவையமும், கைவினைஞரும், மாலைப்பொழுதும், பின்னர் யாமம் யாமமாய் இரவும் அதில் விரிகின்றன. அவர் நகரின் இருளை மறைத்தாரா? இல்லை. பொருளுடைய இளைஞரை மயக்கும் பரத்தையர் அங்குளர். நூலேணி தாங்கி இருளோடு இருளாய் நிற்கும் கள்வர் அங்குளர். ஆயின் கள்வர் நிற்கும் அதே யாமத்தில் அவர்களைத் தேரும் ஊர்காவலரும் உளர். அதே இரவில் பிள்ளை பெற்ற மகளிரும் உளர். அப்பங்களை விற்போர் உறங்கித் தூங்குவதும் உண்டு. பின்னர்ப் பொழுது புலர்கின்றது. பட்டினப்பாலையும் புகாரின் இரவைப் பாடும். கூடவே அதன் துறைமுகத்தில் மூட்டைக்குப் புலிமுத்திரையிடும் சுங்கக் காவலரையும் பாடும். பரத்தையரைப் பாடுவதால் நகரம் இழிந்துவிடாது. பரத்தையரை மட்டும் பாடுவதே இழிவு. அமெரிக்க அட்டையோவியன் மருதனாரின் ஒரே ஒரு யாமத்தை மட்டும் கிழித்தெடுத்து அதற்கு நகரம் என்று பெயரிட்டான்.

அக்கிழிந்த தாள் தமிழ்நாட்டிற்கு எவ்வழி வந்தது? ஒரு வழி ஆங்கில நூல்கள். சேம்சு ஆட்லி சேசு என்னும் புனைபெயரில் எழுதியவர் ஓர் ஆங்கிலேயர். 1939 முதல் அவர் எழுதிக் குவித்த கதைகள் பெரும்பாலும் அமெரிக்க நகரங்களில் நடப்பவை. அவரோ அந்நகரங்களில் வாழ்ந்தவரல்லர். நிலவரைபடங்களையும் அமெரிக்கக் கொச்சைச் சொல் அகரமுதலியையும் மேசைமேல் வைத்துக்கொண்டு எழுதினார். காணாத நகரைப் பற்றி ஒருவர் எழுத, அதற்கு மற்றொருவர் ஆடை குறைந்த பெண்ணைப் படமாக்க, அந்நூல்கள் கப்பலேறி வந்து சென்னை மூர் அங்காடியின் பழம்பொத்தகக் கடைகளில் மலைபோற் குவிந்தன. 1985இல் அவ்வங்காடி எரிந்து போகும் வரை, கல்லூரி மாணவர் பலர்க்கு ஆங்கிலப் புதினம் என்றால் அவ்வட்டையே கண்முன் நின்றது.

தமிழில் மலிவுவிலைத் திங்கட் புதினம் தொடங்கியபோது நோக்கம் நன்றாகவே இருந்தது. 1969இல் இராணிமுத்து ஒரு உருபா விலையில் அகிலன் முதலியோரின் புதினங்களை ஊர்ப்புறக் கடைவரை கொண்டுசேர்த்தது. நூலகம் இல்லாத சிற்றூரில் பெண்கள் படிக்கும் பழக்கம் வளர்ந்ததில் அதற்குப் பங்குண்டு. அதற்கும் முன்பே தமிழ்வாணன் (1926–1977) துப்பறியும் கதையை வடசொற் கலப்புக் குறைந்த தமிழில் எழுதிக் காட்டினார். அவர்தம் துப்பறிவாளர் பருகியது தேநீர். அச்சொல் இளைஞர் நாவிற் பரவ அக்கதைகளும் உதவின. துப்பறிவாளர்க்கு மட்டும் சங்கர்லால் என்று வடவர் பெயர் வைத்தது ஏனோ! 1980களில் திங்கட் புதினங்கள் பெருகின. பெயரே 'பாக்கெட் நாவல்', 'கிரைம் நாவல்' என்றாயின. குற்றப் புதினம் என்று சொன்னால் குற்றம் குறைந்து தோன்றும் போலும். இராசேசுகுமார் போல்வார் ஆயிரத்துக்கு மேற்பட்ட புதினங்களை எழுதினர். கோவை நகரைக் கதைக்களமாக்கிய வகையில் சென்னையல்லாத ஒரு தமிழ் நகரமும் அக்கதைகளில் இடம்பெற்றது. கதையில் இடம்பெற்ற அந்நகரம் அட்டையில் இடம்பெற்றதா எனின், இல்லை.

அட்டையில் நின்றவை வேறு: உதட்டுச் சாயம் பூசிய ஒரு பெண்முகம், கைத்துமுக்கி, ஒரு துளிக் குருதி, பின்னால் ஊர் தெரியாத ஓர் அடுக்குமாடி. அவ்வடுக்குமாடி சென்னையா, மும்பையா, சிக்காகோவா என்று எவராலும் சொல்ல முடியாது. செயராசு, மாருதி முதலிய ஓவியர் தமிழ்ப் பெண்ணின் முகத்தையும் நடையையும் தீட்டுவதில் தேர்ந்தவர்கள். குறை இங்கும் கையில் இல்லை, ஏவலில் உள்ளது. சிற்றூரைத் தீட்டினால் குடம் சுமந்த பெண், நகரைத் தீட்டினால் வெண்சுருட்டுப் பெண் என்ற பாகுபாடு அட்டைக்கும் திரைக்கும் பொதுவாயிற்று. முன்னவள் தமிழச்சி, பின்னவள் கெட்டவள். நகரில் வாழ்ந்து உழைக்கும் தமிழச்சிக்கு அவ்வட்டைகளில் இடம் அரிது.

சென்னை தமிழனுக்கு அயலூர் என்று யார் சொன்னது? 1918இல் பெரம்பூர்ப் பகுதியில் பின்னி ஆலைத் தொழிலாளர் ஒன்றுகூடிச் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை நிறுவினர். இந்நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதனைச் சொல்வர். திரு.வி.க. அத்தொழிலாளர்க்குத் தமிழிற் பேசினார். மேடைத் தமிழ் வளர்ந்த இடங்களுள் ஆலைவாயிலும் ஒன்று. ஆலை 1996இல் மூடப்பெற்றது. அதன் சங்கொலிக்கு எழுந்து நடந்த ஆயிரக்கணக்கான மக்களின் விடியலைத் தீட்டிய அட்டை ஒன்றைத் தேடிக் காண்பது அரிது. வியாசர்பாடி என்றால் கத்தி, காசிமேடு என்றால் கள்ளக்கடத்தல், சேரி என்றால் கொலைகாரன் ஒளியும் இடம். இதுவே அட்டையும் அதன்பின் வந்த திரைப்படமும் கற்பித்த நில நூல்.

அதன் பயனைக் காணவேண்டின் கண்ணகி நகருக்குச் செல்லவேண்டும். குடிசை மாற்று வாரியம் 1970இல் அமைந்தபோது, குடிசை இருந்த இடத்திலேயே மாடிவீடு என்பது தொடக்கக் கொள்கையாய் இருந்தது. 2000 முதல் கூவம், அடையாற்றுக் கரைகளிலும் நகரின் பிற இடங்களிலும் வாழ்ந்தோரைப் பெயர்த்து, இருபது புதுக்கற்கள் தொலைவில், பதினைந்தாயிரத்துக்கு மேற்பட்ட சிறு வீடுகளில் குடியேற்றினர். செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் பின்னர் வந்தன. 2021இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றப்பெற்றது. பெயர் மாறிற்று, பழி மாறவில்லை. முகவரியில் கண்ணகி நகர் என்று எழுதினால் வேலை தர மறுக்கின்றனர் என்று அங்குள்ள இளைஞர் பல்லாண்டுகளாக முறையிட்டு வருகின்றனர். மறுப்பவர் பெரும்பாலும் அந்நகருக்குச் சென்று பார்த்தவரல்லர். பாசுட்டன் திட்டமிடுவோராவது அங்கு நடந்து பார்த்தவர். தவறான தீர்ப்பால் கொழுநனை இழந்து, அரசன் முன் நின்று வழக்குரைத்தவள் பெயர் அவ்வூர்க்கு இடப்பெற்றிருக்கின்றது. அவள் வழக்கைக் கேட்கவேனும் ஒருவன் அரியணையில் இருந்தான்.

அட்டையோவியத்தைத் தடைசெய்க என்று இங்குக் கேட்கப்படவில்லை. தடை என்ன செய்யும் என்பதை 1952ஆம் ஆண்டுக் குழு காட்டிவிட்டது. துப்பறியும் கதையும் இழிந்ததன்று. கள்வனைத் தேரும் ஊர்காவலரை மருதனாரே பாடியுள்ளார். தமிழ்ப் பதிப்பகத்தாரிடம் கேட்கவேண்டியது ஒன்றே: இரவைத் தீட்டுவதாயின் முழு இரவையும் தீட்டுக, ஊரைத் தீட்டுவதாயின் எந்த ஊர் என்று தெரியத் தீட்டுக, அதற்குத் தமிழில் பெயர் எழுதுக. கணிப்பொறி நொடியில் படம் செய்து தரும் இக்காலத்தில் இக்கேள்வி முன்னினும் விரைந்து கேட்கத்தக்கது. அக்கருவி உலகில் ஏற்கெனவே குவிந்து கிடக்கும் படங்களைத் தின்று வளர்ந்தது. சென்னைத் தெரு என்று கேட்டாலும் பழைய அமெரிக்க விளக்குக் கம்பத்தையே அது எடுத்து நீட்டக்கூடும்.

தீட்டப் பொருளில்லை என்று ஓவியர் சொல்லமாட்டார். காசிமேட்டுத் துறையில் விடியுமுன் மீன் ஏலம் தொடங்கிவிடுகின்றது. கொத்தவால் சாவடியிலிருந்து 1996இல் பெயர்ந்த காய்கறி அங்காடி, கோயம்பேட்டில், ஊர் உறங்கும் நேரத்தில் மூட்டை இறக்குகின்றது. தெருக்கூட்டுவோர் அவ்வேளையில் வண்டியைத் தள்ளி வருகின்றனர். கண்ணகி நகரில், பிறர் வீட்டுப் பாத்திரம் துலக்க இருபது புதுக்கற்கள் கடந்து செல்லவேண்டிய பெண்கள், தம் பிள்ளைகளுக்கு உணவை மூடிவைத்துவிட்டு, முதற் பேருந்துக்கு நிறுத்தத்தில் நிற்கின்றனர். அங்கும் ஒரு விளக்குக் கம்பம் உள்ளது.